மெல்லிய படலத்தில் டிஜி ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் மாதம் ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று நேராக ஆய்வகத்துக்குள் வந்துவிடும். அதே மாதம்தான் எங்கள் பிள்ளைகள் ஆண்டு முடிவதற்குள் ஒரு எண்ணாவது கையில் இருக்க வேண்டும் என்று ஒளியை வைத்துப் படலத்தின் தடிமனை அளக்கும் எலிப்சோமீட்டர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, பாலிஸ்டைரீனுக்கு டிஜி 100 டிகிரின்னு புத்தகத்துல இருக்கு, எனக்கு 84 வருது, மெஷின் ரிப்பேரா?" சில சமயம் மெஷின்தான். சில சமயம் மாதிரியில் தப்பு. சில சமயம் 84 என்பதுதான் சரியான விடை, படலம் அவ்வளவு மெல்லியது. இந்த மூன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிஜி என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. சர்க்கரைப் பாகைக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் அது படிகமாகாமல், ஆற ஆறக் கெட்டியாகி, கடைசியில் உடைத்தால் சில்லு சில்லாகச் சிதறும் அல்லவா, அதுதான் கண்ணாடியாவது. மூலக்கூறுகள் எந்த ஒழுங்குக்கும் வரவில்லை, நகர நேரம் போதாமல் நின்ற இடத்தில் நின்றுவிட்டன. பனிக்கட்டி உருகுவதுபோல் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நடப்பது இல்லை இது. எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் நகரும். இதை மனதில் வையுங்கள், பாதிப் பிழைகள் இதை மறப்பதால் வருபவை.

இனி, அதே பொருளை 20 நானோமீட்டர் தடிமனில் தேய்த்தாலோ, சில நானோமீட்டர் துளைக்குள் அடைத்தாலோ என்ன ஆகும்? ஒரு மூலக்கூறு நகர அதன் அக்கம்பக்கமும் சேர்ந்து வழிவிட வேண்டும். ஆடமும் கிப்ஸும் 1965-இல் சொன்னது இதைத்தான். அப்படிச் சேர்ந்து நகரும் கூட்டத்தின் அளவு டிஜிக்கு அருகில் சில நானோமீட்டர்தான். காற்றைப் பார்த்திருக்கும் மேற்பரப்பில் ஒரு பக்கத்து அண்டை வீட்டாரே இல்லை, அதனால் அங்கே நகர்வது சுலபம். பசைபோல் ஒட்டும் சுவர் பக்கத்தில் நகர்வது சிரமம். தடித்த படலத்தில் இந்த ஓரங்கள் மொத்தத்தில் ஒரு துளி, 20 நானோமீட்டர் படலத்திலோ ஓரம்தான் பெரும்பகுதி. ஜாக்சனும் மெக்கென்னாவும் 1991-இல் நுண்துளைக் கண்ணாடிக்குள் கரிமத் திரவங்களை அடைத்து அளந்தபோது, 8.5 நானோமீட்டர் துளையில் ஆர்த்தோ-டெர்ஃபீனைலின் டிஜி 18 டிகிரி குறைந்திருந்தது. 1994-இல் கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் சிலிக்கான் மேல் பூசிய பாலிஸ்டைரீன் படலங்களில் தடிமன் குறையக் குறைய டிஜி இறங்குவதைக் காட்டி, அதற்கு ஒரு சூத்திரமும் கொடுத்தார்கள். அவர்கள் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால் 100 நானோமீட்டரில் இறக்கம் ஒரு டிகிரிக்கும் கீழே, 40-இல் சுமார் 4 டிகிரி, 20-இல் சுமார் 14 டிகிரி வருகிறது. இந்த மூன்று எண்களையும் மேசையில் ஒரு துண்டுச் சீட்டில் ஒட்டி வையுங்கள்.

ஆக, மேலே அந்தத் தங்கை கொண்டுவந்த 84-க்கு நான் கேட்ட முதல் கேள்வி "படலம் எவ்வளவு தடிமன்?" என்பது. இரண்டாவது கேள்விதான் முக்கியம்: "அதே நாளில், அதே கரைசல் பாட்டிலிலிருந்து, அதே அவனில் (சூட்டடுப்பில்) காய வைத்து, 150 நானோமீட்டருக்கு மேல் ஒரு தடித்த படலம் அளந்தாயா?" அளக்கவில்லை என்றால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. புத்தகத்து 100-ஓடு உங்கள் 84-ஐ ஒப்பிடக் கூடாது, உங்கள் தடித்த படலத்தோடு உங்கள் மெல்லிய படலத்தை ஒப்பிட வேண்டும். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தடித்த படலமே 100-க்குப் பக்கத்தில் வரவில்லை

இது நானோ விஷயமே இல்லை, சந்தோஷமாகத் தேடலாம். முதலில் வெப்பநிலை. படலத்தைச் சூடேற்றும் மேடையான ஹாட் ஸ்டேஜின் திரையில் தெரிவது அடியில் இருக்கும் உணரியின் வெப்பநிலை, உங்கள் படலம் இருப்பது அரை மில்லிமீட்டர் சிலிக்கானுக்கு மேலே, அதற்கும் ஸ்டேஜுக்கும் நடுவே காற்று இடைவெளி வேறு. வேஃபரின் (படலம் பூசிய சிலிக்கான் தட்டின்) மேல் கடுகளவு இண்டியம் துண்டை வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், அது 156.6 டிகிரியில் உருகி உருண்டையாகும். திரையில் அப்போது 161 காட்டினால் உங்கள் ஸ்டேஜ் நாலரை டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று பொருள். ஏசி காற்று ஸ்டேஜ் மேல் நேராக அடித்தால் இந்த வித்தியாசம் நாளுக்கு நாள் மாறும், அதையும் பாருங்கள்.

அடுத்து சங்கிலி நீளம், பாலிஸ்டைரீன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு நீண்ட சங்கிலி. பாட்டிலில் பாலிஸ்டைரீன் என்று எழுதியிருந்தால் போதாது. குட்டையான சங்கிலிகளுக்கு நுனிகள் அதிகம், நுனிகள் துள்ளும், டிஜி இறங்கும், ஃபாக்ஸும் ஃப்ளோரியும் 1950-லேயே எழுதி வைத்தது. மூலக்கூறு எடை சில ஆயிரம்தான் என்றால் 100 எதிர்பார்ப்பதே தப்பு. ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் பாட்டிலை எடுங்கள்.

மூன்றாவது, டொலுயீன் மிச்சம், அதாவது பாலிஸ்டைரீனைக் கரைத்த கரைப்பான். நமக்கு இதைப் புரிந்துகொள்ள கடலை மிட்டாய் போதும். நன்றாக வறண்ட சர்க்கரைக் கண்ணாடியின் டிஜி 60, 70 டிகிரி இருக்கும், அதனால்தான் அறை வெப்பத்தில் கடக் என்று உடைகிறது. டர்பன் கோடையில் டப்பா மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் மறுநாளே பிசுபிசுக்கும், ஏனென்றால் காற்றிலிருந்து ஏறிய கொஞ்சம் தண்ணீர் சர்க்கரை மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து இளக்கி, டிஜியை அறை வெப்பம் வரைக்கும் இழுத்துவிடுகிறது. பாலிஸ்டைரீனுக்கு டொலுயீன் அதே வேலையைச் செய்யும். அறை வெப்பத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், ஆனால் படலம் கண்ணாடியான பிறகு உள்ளே மாட்டிய கரைப்பான் வெளியே வர வழியில்லை. டிஜிக்கு மேலே கொண்டுபோய், வெற்றிடத்தில், 120 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் வைத்தால்தான் வெளியேறும். சோதிப்பது எளிது: அளந்த படலத்தை மறுபடி நாலு மணி நேரம் காய வைத்து அளங்கள். டிஜி ஏறியிருந்தால் கரைப்பான் இருந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

கோட்டில் முறிவே தெரியவில்லை, எங்கே கோடு போட்டாலும் பொருந்துகிறது

இதுதான் அதிகம் பேரைக் கஷ்டப்படுத்துவது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எலிப்சோமீட்டரில் நாம் பார்ப்பது தடிமன் வெப்பத்தோடு எப்படி மாறுகிறது என்பது. கண்ணாடியாக இருக்கும்போது மெதுவாக விரியும், இளகிய பிறகு வேகமாக விரியும், இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் டிஜி. படலம் வேஃபரோடு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் விரிய முடியாது, விரிவு முழுக்க மேல்நோக்கியே போகும். பாலிஸ்டைரீனுக்குக் கண்ணாடி நிலையில் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் சுமார் 1.8 பங்கு, இளகிய நிலையில் சுமார் 5.7 பங்கு. 20 நானோமீட்டர் படலத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 10 டிகிரி ஏற்றினால் கண்ணாடிப் பகுதியில் தடிமன் கூடுவது 0.04 நானோமீட்டருக்கும் குறைவு, இளகிய பகுதியில் 0.11 நானோமீட்டர், அதாவது ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலம். இந்த இரண்டு சரிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் தேடுகிறீர்கள். கருவி 0.05 நானோமீட்டர் அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தால் கண்ணாடிக் கோடு ஆட்டத்துக்குள்ளேயே புதைந்துவிடும்.

என்ன செய்யலாம்? வேஃபரின் மேல் இயல்பாகவே ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு இருக்கும், அதைப் படலம் பூசுவதற்கு முன்பே அதே வேஃபரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பிறகு பொருத்தும்போது அதைச் சுதந்திரமாக விடாதீர்கள். மெல்லிய படலத்தில் ஒளிவிலகல் எண்ணும் தடிமனும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்ளும், இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்தினால் மென்பொருள் அழகான, ஆனால் பொருளில்லாத எண்களைக் கொடுக்கும். வெப்பம் மாறும்போது அடியில் இருக்கும் சிலிக்கானின் ஒளிப்பண்பும் மாறும், அந்த அட்டவணை மென்பொருளில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றாவிட்டால் படலம் விரிவதாக நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி சிலிக்கானுடையதாக இருக்கும்.

அதைவிடப் பொதுவான தப்பு, வெப்பநிலை வீச்சு போதாமை. பிள்ளைகள் 60-இல் ஆரம்பித்து 130 வரை ஓட்டுவார்கள். டிஜி 100 என்றால் அது போதும். உங்கள் படலம் 15 நானோமீட்டர், டிஜி 75-க்கு இறங்கிவிட்டது என்றால், கண்ணாடிக் கோட்டுக்கு உங்களிடம் இருப்பது 15 டிகிரிதான், அதிலும் பாதி வளைவான பகுதி. மெல்லிய படலங்களில் மாற்றம் கூர்மையாக இருக்காது, கீழ்ப்பக்கமாகப் பரந்து வழியும், கவானாவும் ஜோன்ஸும் 2001-இல் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த வளைவைக் கண்ணாடிக் கோடு என்று நினைத்துப் பொருத்தினால் டிஜி எங்கே வேண்டுமானாலும் விழும். அறை வெப்பத்துக்கும் கீழே, முடிந்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி வரைக்கும் இறக்குங்கள். இறக்கும்போது டர்பன் காற்றில் வேஃபர் மேல் பனித்துளி படியும் என்பதால் உலர்ந்த நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், கோடு பொருத்தும் எல்லைகளை ஐந்து ஐந்து டிகிரி நகர்த்தி டிஜி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அந்த மாற்றம்தான் உங்கள் உண்மையான பிழை எல்லை, மென்பொருள் அச்சடித்துத் தரும் 0.3 டிகிரி கிடையாது. இதைச் செய்து பார்த்த பிறகு பிழை எல்லை 8 டிகிரி என்று எழுத நேர்ந்தால் தைரியமாக 8 என்றே எழுதுங்கள்.

முதல் ஓட்டத்தில் ஒன்று, இரண்டாவதில் வேறு

முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். வேஃபரைச் சுழற்றிக் கரைசலைப் பூசும் ஸ்பின் கோட்டிங்கில் கரைப்பான் சில நொடிகளில் ஓடிவிடும், சங்கிலிகள் நிம்மதியாக உட்கார நேரம் கிடைத்திருக்காது, இழுவிசை உள்ளே உறைந்திருக்கும். போதாததற்கு, படலம் அலமாரியில் ஒரு மாதம் இருந்திருந்தால் கண்ணாடி மெல்ல இறுகி வயதாகியிருக்கும், சூடேற்றும்போது அது தனி மேடு பள்ளமாகத் தெரியும். டிஜிக்கு மேலே கொண்டுபோய் இந்தப் பழைய கதையை அழித்துவிட்டு, குளிர்விக்கும்போது அளங்கள். நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி, ஒவ்வொரு படலத்துக்கும் அதே வேகம்.

இரண்டாவதும் மூன்றாவதும்கூட ஒத்துப்போகவில்லை என்றால் காய வைத்த இரவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2023-இல் லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரைக்கும் போன மாதங்களில் எங்கள் பதிவேட்டில் விளக்கம் சொல்ல முடியாத படலங்கள் நிறையச் சேர்ந்தன. நடுராத்திரியில் இரண்டு மணி நேரம் கரன்ட் போகும், அவன் தானாக ஆறும், வெற்றிடப் பம்ப் நிற்கும், எண்ணெய்ப் பம்ப் என்றால் ஆவி பின்னோக்கி அவனுக்குள் ஏறும், மறுபடி கரன்ட் வந்ததும் எல்லாம் ஒன்றும் நடக்காததுபோல் ஓட ஆரம்பிக்கும். காலையில் வந்து பார்ப்பவருக்கு 120 டிகிரி, நல்ல வெற்றிடம் என்று எல்லாம் சரியாகத் தெரியும். அதன் பிறகு பேட்டரியில் ஓடும் சிறிய வெப்பநிலைப் பதிவுக் கருவி ஒன்றை அவனுக்குள்ளிருந்து வரும் கம்பியோடு இணைத்தோம், பம்புக்கும் அவனுக்கும் நடுவே கரன்ட் போனால் தானாக மூடும் வால்வு வைத்தோம். பதிவில் பள்ளம் இருந்தால் அந்த வேஃபர் குப்பைக்கு. இங்கே வேலை செய்பவர்கள் யாராக இருந்தாலும் முதலில் வாங்க வேண்டியது அந்த வால்வு என்பேன், விலையும் அதிகமில்லை.

எல்லாம் சரி, தடித்த படலம் 100, மெல்லியது 84. இது நிஜமா?

பெரும்பாலும் நிஜம்தான். படலம் 20 நானோமீட்டரை ஒட்டி இருந்தால் துண்டுச் சீட்டோடு பொருந்துகிறது. ஆனாலும் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துவிடுங்கள்.

ஒன்று, காற்றில் சூடேற்றிச் சங்கிலிகளை அறுத்துவிட்டீர்களா? பாலிஸ்டைரீனை 150 டிகிரியில் காற்றோட்டத்தில் மணிக்கணக்காக வைத்தால் ஆக்சிஜன் கடிக்கும், சங்கிலி குட்டையாகும், டிஜி இறங்கும். இதையே காரணமாகச் சொல்லி, மெல்லிய படலத்தில் டிஜி இறங்குகிறது என்பதே பிழை என்று ஒரு காலத்தில் வாதம் நடந்தது. ரேகன், மாஸ்ஸா, ஃபாரஸ்ட், டல்னோக்கி-வெரஸ் 2008-இல் சாதாரணக் காற்று, உலர் நைட்ரஜன், வெற்றிடம் மூன்றிலும் அளந்து, மூன்றிலும் அதே மாதிரி இறங்குகிறது என்று காட்டினார்கள். ஆகவே விளைவு நிஜம். அதற்காக உங்கள் படலம் கருகவில்லை என்று அர்த்தம் ஆகாது, நீங்கள் நைட்ரஜனிலேயே செய்யுங்கள்.

இரண்டு, அடியில் என்ன இருக்கிறது? வேஃபர் இல்லாமல், கம்பி வளையத்தில் சவ்வுபோல் தொங்கும் பாலிஸ்டைரீன் படலத்துக்கு இரண்டு பக்கமும் காற்று. அதில் இறக்கம் வேறு அளவு. ஃபாரஸ்டும் கூட்டாளிகளும் 1996-இல் 30 நானோமீட்டரை ஒட்டிய படலத்தில் 70 டிகிரி வரை இறங்குவதைக் கண்டார்கள். யாராவது உங்களிடம் "இவ்வளவு இறங்க வேண்டுமே, உனக்கு ஏன் இறங்கவில்லை" என்று கேட்டால் அவர் எந்த வகைப் படலத்தைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை அது. 84 என்பது படலம் முழுவதற்குமான சராசரி. உள்ளே ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எலிசனும் டோர்கெல்சனும் 2003-இல் பல அடுக்குப் படலம் செய்து, ஒரே ஓர் அடுக்கில் மட்டும் ஒளிரும் சாயத்தைக் கட்டி, அந்த அடுக்கின் டிஜியைத் தனியாக அளந்தார்கள். காற்றைத் தொடும் 14 நானோமீட்டர் அடுக்கு உட்புறத்தைவிட 32 டிகிரி கீழே இளகியது. உள்ளே போகப் போக விளைவு சில பத்து நானோமீட்டர் தூரத்தில் தேய்ந்து மறைந்தது. ஒரே பொருள், ஒரே படலம், மேலே ஓடுகிறது, கீழே நிற்கிறது. இதைப் படித்த பிறகு ஒற்றை எண்ணாக டிஜியை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கும்.

இறங்க வேண்டியது ஏறுகிறது

பயப்பட வேண்டாம். எந்தப் பாலிமர், எந்தத் தரை என்று பாருங்கள். பி.எம்.எம்.ஏ. (அக்ரிலிக் பிளாஸ்டிக்) சிலிக்கான் ஆக்சைடு மேல் இருந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு ஒட்டிக்கொள்ளும், மெல்லியதாக ஆக ஆக டிஜி ஏறும். அதே பி.எம்.எம்.ஏ. தங்கத்தின் மேல் இறங்கும். 1994-லேயே கெடி குழு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது. பாலி-2-வினைல்பிரிடீன் இன்னும் பலமாக ஒட்டும், ஆக்சைடு மேல் 20 முதல் 50 டிகிரி வரை ஏறியதை 1996-இல் வான் சாண்டென், வாலஸ், வூ அளந்தார்கள்.

பாலிஸ்டைரீனிலேயே ஏறுகிறது என்றால் பாட்டில் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

காய வைக்கக் காய வைக்க டிஜி தடித்த படலத்தின் எண்ணை நோக்கி ஏறுகிறது

கரைப்பான் வெளியேறுவது ஒரு காரணம், மேலே சொன்னேன். ஆனால் அது சில மணி நேரத்தில் முடிய வேண்டும். நாள் கணக்கில் ஏறிக்கொண்டே போனால் சங்கிலிகள் வேஃபரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டிஜிக்கு மேலே வைத்திருக்கும்போது சங்கிலிகள் ஒவ்வொன்றாகப் பல இடங்களில் தரையைத் தொட்டு, இனி எழுந்திருக்க முடியாதபடி படிந்துவிடும். நபோலிதானோவும் வூப்பன்ஹார்ஸ்டும் 2011-இல் இந்த ஒட்டுப் படிவு வளர வளர டிஜி இறக்கம் தேய்ந்து, கடைசியில் தடித்த படலத்தின் எண்ணுக்கே திரும்புகிறது என்று காட்டினார்கள். ஒரே தடிமனுக்கு ஒவ்வொரு ஆய்வகம் ஒவ்வொரு எண் சொன்னதில் பெரும்பங்கு இதனால்தான் என்பது என் கருத்து, ஏனென்றால் ஒருவர் இரண்டு மணி நேரம் காய வைத்தார், இன்னொருவர் இரண்டு நாள்.

சோதிக்க, அளந்து முடித்த வேஃபரை நல்ல டொலுயீனில் ஊற வைத்துக் கழுவுங்கள், டொலுயீனை மாற்றி மாற்றி, அரை நாள். எல்லாம் கரைந்து வெறும் வேஃபர் வந்தால் படிவு இல்லை. சில நானோமீட்டர் மிஞ்சி நின்றால் அதுதான். காய வைத்த நேரத்தையும் வெப்பத்தையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள், தடிமனை எழுதுவதுபோல.

எலிப்சோமீட்டரில் இறங்குகிறது, வேகக் கலோரிமீட்டரில் இறங்கவே இல்லை

இரண்டு கருவியும் சரியாக இருக்கலாம். தடித்த பாலிஸ்டைரீனில் குளிர்விக்கும் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினால் டிஜி சுமார் 3 டிகிரி ஏறும். மெல்லிய படலத்தில் அதைவிட நிறைய ஏறும். ஃபக்ராயும் ஃபாரஸ்டும் 2005-இல் வேகத்தை மாற்றி மாற்றி அளந்தார்கள்: மெதுவாகக் குளிர்வித்தால் மெல்லிய படலத்தின் டிஜி வெகுவாகக் கீழே இருக்கும், வேகம் கூடக் கூட வித்தியாசம் சுருங்கி, நிமிடத்துக்கு நூறு டிகிரியை ஒட்டும்போது கிட்டத்தட்ட மறைந்துவிடும். மாதிரி வாங்கும் வெப்பத்தை அளக்கும் வேகக் கலோரிமீட்டர் நொடிக்கே நூற்றுக்கணக்கான டிகிரியில் ஓடுவது. அவ்வளவு அவசரத்தில் கேட்டால் மேற்பரப்பும் உட்புறமும் ஒரே பதிலைச் சொல்கின்றன. இரண்டு எண்களையும் ஒரே வரைபடத்தில் போடுவதென்றால் பக்கத்தில் வேகத்தையும் எழுதுங்கள்.

படலம் மங்கலாக, புள்ளி புள்ளியாக இருக்கிறது

பூசியவுடனே மங்கல் என்றால் ஈரப்பதம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருந்து தண்ணீர் துளித்துளியாகப் படிந்து குழி போடும். குளோரோஃபார்மில் இது மிக மோசம், டொலுயீனில் குறைவு. இங்கே ஜனவரியில் ஸ்பின் கோட்டரை நைட்ரஜன் பெட்டிக்குள் வைக்காமல் நல்ல படலம் வராது. ஜோஹானஸ்பர்க் 1,700 மீட்டருக்கும் மேலே, குளிர்காலத்தில் அங்கே காற்று வறண்டு உதடு வெடிக்கும், அங்கிருந்து யாராவது தரும் செய்முறையை அப்படியே இங்கே பின்பற்றினால் ஒத்துவராது.

சூடேற்றிய பிறகு வட்ட வட்டமாக ஓட்டைகள் வந்தால் படலம் வேஃபரை விட்டு ஒதுங்குகிறது, தாமரை இலைத் தண்ணீர்போல. 1992-இல் ரைட்டர் இதைப் பாலிஸ்டைரீனில் விரிவாகப் படித்திருக்கிறார். 20 நானோமீட்டருக்குக் கீழே 150 டிகிரி வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, எதிர்பார்க்கும் டிஜிக்கு மேல் 20 டிகிரி போதும். நீளமான சங்கிலியாக இருந்தால் ஓட்டை வர அதிக நேரம் எடுக்கும். ஓட்டை விழுந்த படலத்தில் எலிப்சோமீட்டர் சொல்லும் தடிமனுக்கு அர்த்தம் இல்லை, நுண்ணோக்கியில் பார்க்காமல் எந்தப் படலத்தின் எண்ணையும் நம்பாதீர்கள்.

துளைக்குள் அடைத்த திரவத்தில் இரண்டு படிகள் தெரிகின்றன

இது டி.எஸ்.சி.யில் (சூடேற்றும்போது மாதிரி வாங்கும் வெப்பத்தைக் கோடாக வரையும் கருவி) அளப்பவர்களுக்கு, அந்தக் கோட்டில் தெரியும் படிதான் டிஜி. இரண்டு படிகளில் ஒன்று சரியாகத் துளைக்குள் அடைக்காத சாதாரணத் திரவத்தின் டிஜியிலேயே இருந்தால், துளையை நிரப்பி மீதி வெளியே வழிந்திருக்கிறது. துளையின் மொத்தக் கொள்ளளவைக் கணக்கிட்டு, அதில் ஒரு எண்பது, தொண்ணூறு சதவீதத்துக்கு மட்டும் திரவத்தை எடை போட்டு ஊற்றுங்கள், அந்தப் படி மறைந்துவிடும்.

மறையவில்லை, ஒரு படி சாதாரணத் திரவத்தின் டிஜிக்குக் கீழே, இன்னொன்று மேலே என்றால், நிஜமாகவே இரண்டு கூட்டம் இருக்கிறது: நடுவில் சுலபமாக நகரும் உள்ளகம், சுவரோரம் ஒட்டிக்கிடக்கும் அடுக்கு. பார்க்கும் மெக்கென்னாவும் 2000-இல் பாலிஸ்டைரீன், ஆர்த்தோ-டெர்ஃபீனைல் கரைசலில் இப்படி இரண்டு டிஜி கண்டார்கள். சிலிக்கா சுவரில் ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கும், திரவம் அவற்றோடு பிணைப்புப் போடக்கூடியது என்றால் மேல்படி பலமாகத் தெரியும். இங்கே ஒரு குழப்பமும் சேரும். சுவரோர அடுக்கு முதலில் இறுகிவிட்டால், உள்ளே இருப்பது மேலும் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்போது சுவரிலிருந்து விடுபட முடியாமல் இழுபடும், அந்த எதிர்மறை அழுத்தமே டிஜியைக் கீழே தள்ளும். எனவே கீழ்ப்படி முழுக்க அளவின் விளைவு என்று உடனே எழுதிவிட வேண்டாம்.

படியே இல்லாமல் மேடு தெரிகிறதா? அது உருகுவது, கண்ணாடி மாற்றம் கிடையாது. துளைக்குள் உருகுநிலையும் துளை விட்டத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இறங்கும், அதை டிஜி இறக்கம் என்று எண்ணி எழுதிய அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தண்ணீரில் இந்தக் குழப்பம் அதிகம்.

சுவரின் வேலைதானா என்று பார்க்க நேரான வழி ஒன்று உண்டு. அதே துளைக் கண்ணாடியில் பாதியை எடுத்து ஹெக்சாமெத்தில்டைசிலசேன் ஆவியில் வைத்து ஹைட்ராக்சில் குழுக்களை மூடிவிடுங்கள், மற்ற பாதியை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே திரவத்தால், ஒரே அளவு நிரப்புங்கள், மூன்றாவது தட்டில் துளையே இல்லாத வெறும் திரவம் வையுங்கள். மேல்படி மூடிய பாதியில் காணாமல் போனால் அது சுவருடையது. இரண்டிலும் அப்படியே நின்றால் கண்ணாடித்தூளைத் திரும்பவும் வெற்றிடத்தில் நன்றாகச் சூடேற்றி உலர்த்திவிட்டு மறுபடி நிரப்புங்கள், இந்த ஊரில் அது இரவோடு இரவாக ஈரம் குடித்திருக்கும்.